சாட்சிக்கு ஆளில்லாத உயில்

மகள் பிறந்து எட்டு மாதத்தில், எனக்கும் கணவருக்கும் ஏதாவது நேர்ந்தால் அவளை யார் வளர்ப்பார்கள் என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் டோர்செட் பார்க்கில் எங்களுக்கு உறவினர் இல்லை. கணவர் நெடுந்தூர லொறி ஓட்டுகிறார். வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார்.

இணையத்தில் ஒரு படிவம் எடுத்து, லண்டனில் இருக்கும் அக்காவே பிள்ளையைப் பொறுப்பேற்க வேண்டும் என்று உயிலை நிரப்பினேன். கணவர் தாளிலும், வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த அக்கா நான் அனுப்பிய பிரதியிலும் சாட்சிகளாகக் கையெழுத்திட்டார்கள். மகளுக்குப் பெயர் வைத்ததே வீடியோவில்தான். அதனால் எனக்குத் தவறாகத் தோன்றவில்லை.

ஆனாலும் மனம் கேளாமல் இலவச சட்ட உதவி நிலையத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தமிழ்ப் பெண் வாசித்துவிட்டு, "தங்கச்சி, உது செல்லாது. சாட்சி ரெண்டு பேரும் உங்களுக்கு முன்னால நிண்டு கையெழுத்து வைக்க வேணும். புருசனும் அக்காவும் வேண்டாம்" என்றார்.

"இஞ்ச எனக்கு வேற ஒருத்தரையும் தெரியாது."

"தெரியாத ஆக்கள்தான் நல்லம். அவையள் உங்கட சொத்துக்கு ஆசைப்பட மாட்டினம்."

அன்று மாலை புதிய தாளோடு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். மட்டக்களப்புத் தம்பதி. "மூணு வருசமா லிஃப்ட்ல சிரிக்கிறீங்க, மகள். இப்பதான் கதவு தெரிஞ்சிச்சா?" என்றார் அந்த அன்ரி. இருவரும் வந்து கையெழுத்திட்டார்கள். அவர்களின் பெயர்களையே அந்தத் தாளில்தான் முதலில் படித்தேன்.

இப்போது எந்தப் பத்திரத்திலும் விசாரிக்காமல் கையெழுத்து வைப்பதில்லை. எங்கள் வீட்டுச் சாவி ஒன்றும், அக்காவின் தொலைபேசி எண்ணும் அன்ரியிடம் இருக்கின்றன.