சுண்ணாம்பு தடவாத கலயம்

சண்முகவள்ளியின் விரல்கள் பதநீர்க் காலம் முழுக்கச் சுண்ணாம்பில் வெந்து தோல் உரிந்து கிடக்கும். திண்டுக்கல்லை அடுத்த எரியோட்டுப் பக்கம் பனையேறிப் பிழைத்த குடும்பங்களில் பெண்களுக்கெல்லாம் அதுதான் கதி என்றாலும், அவளுக்குக் கொஞ்சம் அதிகம். மதுவிலக்கு வந்த பிறகு மரமேற லைசென்சு வேண்டும், கலயத்தின் உள்ளே சுண்ணாம்பும் தடவியிருக்க வேண்டும். தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் விடிவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும், இறக்கினவனுக்கு ஜெயில். அவள் புருஷன் ஆண்டிச்சாமிக்கும் ஜெயிலுக்கும் நடுவே நின்றது அவள் விரல்தான்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் தடவுவாள், அவன் ஏறுவான். அவன் கலயத்துக்குள் எட்டிப் பார்த்ததே கிடையாது. பெண்டாட்டி கொடுத்த கலயத்தைச் சோதித்துப் பார்க்கிறவன் அவள் போட்ட சோற்றையும் மோந்து பார்த்துத்தான் தின்ன வேண்டும் என்பான்.

அவர்களுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. அடுத்துப் பிறந்ததற்கு மூக்கைக் குத்தி மூக்காயி என்று பேர் வைத்தார்கள், அப்படியாவது எமன் கண்ணில் படாமல் போகட்டும் என்று. அந்தப் பிள்ளையும் ஐம்பத்தாறாம் வருஷம் தை மாதத்தில் காய்ச்சல் கண்டு, தாய்ப்பாலும் குடிக்காமல் துவண்டு கிடந்தது. சண்முகவள்ளி பனங்காட்டுக் கருப்பசாமி முன்னால் போய் நின்றாள்.

முன்பெல்லாம் பாளை சீவத் தொடங்கியதும் முதல் கலயத்தைச் சுண்ணாம்பில்லாமல் கட்டி, இறக்கிய கள்ளைக் கருப்பனுக்கென்று மரத்தடியில் ஊற்றுவார்கள். சட்டம் வந்தபின் எல்லோரும் பதநீரை ஊற்றிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். கருப்பன் என்ன இனிப்புக்கு ஏங்குகிற சாமியா? சண்முகவள்ளிக்கு அந்தக் குறை மனசுக்குள் இருந்துகொண்டே இருந்தது. “எம்புள்ளைய விட்ரு. ஒனக்குப் பழையபடி ஒரு கலயம் தாரேன்” என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது.

மாசியில் பாளை சீவியதும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். ஒரே ஒரு கலயத்தைத் தடவாமல் மற்றவற்றோடு சேர்த்துக் கொடுத்தாள். புருஷனிடம் மூச்சு விடவில்லை, சொன்னால் தடுத்துவிடுவான் என்று பயம். காலையில் அவன் இறங்கியதும் அதை மட்டும் வாங்கி மரத்தடியில் கவிழ்த்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

மறுநாள் அவள் போய்ச் சேருவதற்குள் சோதனைக்கு வந்த போலீஸ் மரத்தடியில் நின்றது. ஏட்டு ஒவ்வொரு கலயமாக மோந்து பார்த்தார். ஒன்றில் முகம் மாறியது. அதில் கொஞ்சத்தைப் புட்டியில் பிடித்து அரக்கு வைத்து ஒட்டினார், மிச்சத்தை அங்கேயே மண்ணில் ஊற்றினார். ஆண்டிச்சாமியைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஜாமீனில் வந்தவனோடு அவளும் திண்டுக்கல் வக்கீல் வீட்டுக்குப் போனாள்.

“குத்தத்த ஒத்துக்கிட்டா ஜெயிலு, லைசென்சும் போயிரும்” என்றார் வக்கீல். “ராத்திரி எவனோ கலயத்த மாத்திக் கட்டிட்டான்னு சொல்லுவோம். பக்கத்து மரம் யாருது?”

“வேலுசாமியுதுங்க” என்றான் ஆண்டிச்சாமி.

“அது போதும். ஒன் சம்சாரம் கூண்டுல ஏறி, எல்லாக் கலயத்துக்கும் நாந்தான் சுண்ணாம்பு தடவுனேன்னு சத்தியம் பண்ணட்டும். மீதிய நான் பாத்துக்கிடுறேன்.”

வக்கீலைக் குறை சொல்ல முடியாது. கட்சிக்காரனைக் காப்பாற்றத்தான் அவர் கறுப்புக் கோட்டு மாட்டியிருக்கிறார். ஆனால் சண்முகவள்ளிக்கு எந்தப் பக்கமும் வழி தெரியவில்லை. பொய்ச் சத்தியம் செய்தால் வேலுசாமி தலையில் பழி விழும், பிள்ளையைக் கொடுத்த கருப்பனும் சும்மா இருக்க மாட்டான். உண்மையைச் சொன்னால் அவளையும் உள்ளே தள்ளுவார்கள், பால்குடிப் பிள்ளை என்ன ஆகும்? வாயை மூடிக்கொண்டு இருந்தால், அவள் செய்ததற்கு அவன் கம்பி எண்ண வேண்டும். வாய்தா நாள் வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் அதற்கு மேல் தாங்க மாட்டாமல் சொல்லிவிட்டாள்.

“இந்தாருங்க, அந்தக் கலயத்துக்கு நான் வேணுமின்னேதான் சுண்ணாம்பு தடவல. புள்ளைக்காகக் கருப்பனுக்கு நேந்திருந்தேன்.”

ஆண்டிச்சாமி பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

“தெரியும்.”

“யாரு சொன்னா?”

“மரத்து மேல கட்டயில கை உள்ள பட்டுச்சு. வெரல்ல சுண்ணாம்பு ஒட்டல. புள்ளைக்கு நேந்திருக்கேன்னு புரிஞ்சுபோச்சு.”

“அப்பவே தூக்கி எறிஞ்சிருக்கலாமில்ல?”

“எப்பிடி எறிய? எனக்கும் புள்ளதான இது? நீ தடவாம விட்ட, நான் தெரிஞ்சே கட்டுனேன். கட்டுனவன் மேலதான் கேசு.”

“அப்ப நானும் வந்து சொல்லிர்றேன்.”

“இவளுக்கு யாரு பாலு குடுப்பா? பேசாம இரு. வேலுசாமி மேலயும் பழி போட வேணாம், அவன் வீட்லயும் புள்ளைக இருக்கு.” பிறகு லேசாகச் சிரித்தான். “சாமிக்குச் சேர வேண்டியது சேந்துருச்சு. ஏட்டய்யா ஊத்துனாலும் மரத்தடியிலதான ஊத்துனாரு.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

உள்ளே மாஜிஸ்திரேட் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்.

“ஒத்துக்கிடுறேன் சாமி. நாந்தான் கட்டுனேன்.” வக்கீல் திரும்பி முறைத்தார்.

“ஏன் சுண்ணாம்பு தடவவில்லை?”

“மறந்துட்டேன்.”

அந்தக் கூண்டில் அவன் சொன்ன பொய் அது ஒன்றுதான். சண்முகவள்ளி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

ஆண்டிச்சாமி மதுரை ஜெயிலுக்குப் போனான். வக்கீல் சொன்னபடியே லைசென்சும் போனது. சண்முகவள்ளி மூக்காயியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெங்காயக் காட்டில் களை எடுத்தாள். அவன் திரும்பி வந்தும் மரமேற வழியில்லை. ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கினான். எவ்வளவோ மனுப் போட்ட பிறகுதான் லைசென்சு மறுபடி கிடைத்தது. அதற்குள் மூக்காயி பனங்காட்டில் ஓடி விளையாடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள்.

மறுபடி மரமேறும் முதல் நாள் சாயங்காலம் சண்முகவள்ளி கலயங்களை மரத்தடிக்குக் கொண்டுவந்தாள். முதல் கலயத்தை அவன் முகத்துக்கு நேரே சாய்த்து, உள்ளே வெள்ளையாக இருந்ததைக் காட்டினாள்.

“கைய விட்டுப் பாத்துக்கிடுங்க.”

ஆண்டிச்சாமி பார்க்கவில்லை. கலயத்தை வாங்கி இடுப்பில் மாட்டிக்கொண்டு அடுத்ததற்குக் கையை நீட்டினான்.

“அப்ப இனிமே நீ போடுற சோத்தையும் மோந்து பாத்துத்தான் திங்கணும்” என்று சொல்லிவிட்டு மரத்தில் ஏறினான்.