ஏழு நீலத் தாள்கள்

திங்கட்கிழமை காலை லாரியின் பின்கதவைத் திறந்தாலே, ஞாயிற்றுக்கிழமை பந்தயம் எப்படிப் போயிற்று என்று பெவ் ஹாலோவெல்லுக்குத் தெரிந்துவிடும். நல்ல வாரமென்றால் கார் முழுசாக இறங்கும். மற்ற வாரங்களில் முதலில் அட்டைப்பெட்டிகள் இறங்கும். அந்த வருஷம் எங்களுக்கு அட்டைப்பெட்டி வருஷம்.

பெட்டிகளுக்குள் இருப்பது காரின் கார்பன் ஃபைபர் துண்டுகள். உடைந்தால் கறுப்புத் துடைப்பம் மாதிரி நார்நாராகப் பிரிந்து, கையுறைக்குள்ளும் புகுந்து குத்தும். பெவ் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைப்பார். யாரையும் திட்டமாட்டார். நான் திட்டுவேன். பதினெட்டு வருஷமாக அதே பட்டறையில் மெக்கானிக்காக இருக்கிறேன். அவர் ஒட்டித் தருவதைத் திருகி மாட்டுவது என் வேலை. திட்டுவதற்கு எனக்கு உரிமை உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

பெவ்வுக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. பதினாறு வயதில், இங்கிலாந்தில் ரஷ்டன் ஊரில் ஷூ தொழிற்சாலையில் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். தொழிற்சாலை மூடியபோது, சில்வர்ஸ்டோனைச் சுற்றியுள்ள பந்தயக் கார் பட்டறைகள் கத்தியும் துணியும் பழகிய பெண்களைத் தேடிக்கொண்டிருந்தன. கார்பன் ஃபைபரும் இறுகுவதற்கு முன்னால் துணிதானே. அப்படி வந்தவர், முப்பத்தோரு வருஷம் ஆகிவிட்டது. அந்தத் துணியை இறுக வைக்கும் பிசின் அவர் விரல்களைத் தின்றிருந்தது. தோல் வெடித்து, களிம்பு பூசி, இரண்டு அடுக்குக் கையுறை போட்டுத்தான் வேலை செய்வார். இரண்டு குளிர்காலத்துக்கு முன் கணவர் கென்னுக்குப் பக்கவாதம் வந்தது. காலை ஐந்து மணிக்கு எழுந்து அவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிட்டு ஏழரைக்குப் பட்டறைக்கு வந்துவிடுவார். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருவாள், மதியம் இரண்டு மணி வரைக்கும். அதற்குப் பிறகு பெவ்வின் காது போன் மேலேயே இருக்கும்.

எங்கள் ஓட்டுநர் யெப்பே, டென்மார்க்காரன், இருபது வயது. அவன் அப்பா பன்றிப் பண்ணைகளுக்குக் கொட்டகை கட்டிக் கொடுத்துச் சம்பாதித்தவர். எங்கள் அணி ஓடுவது அவர் காசில்தான். பையன் மரியாதையானவன். பட்டறைக்குள் வந்தால் எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்வான், பிறகு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சுவரில் இடிப்பான். அந்த சீசனில் நாலாவது தடவையாக, காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் பின்னிறக்கையை உடைத்துக்கொண்டு வந்திருந்தான். மாற்று இறக்கை ஒன்று இருந்தது, அதையும் வசந்தகாலத்திலேயே உடைத்துவிட்டான். புதிது இத்தாலியிலிருந்து வர ஆறு வாரம். வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு லாரி அடுத்த பந்தயம் நடக்கும் ஸ்னெட்டர்டனுக்குக் கிளம்ப வேண்டும். ஆகவே பெவ்.

செவ்வாய்க்கிழமை அவர் இன்ஜின் மூடியில் ஒரு ஓட்டையை அடைத்தார். புதன்கிழமை இறக்கை.

உடைந்த இடத்தைப் படிப்படியாகத் தேய்த்துப் பள்ளமாக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் அளவாக வெட்டிய துணியை ஒன்றின்மேல் ஒன்றாகப் படிய வைக்க வேண்டும். இறக்கைக்கு ஏழு அடுக்கு. துணியில் பிசின் ஏற்கெனவே ஊறியிருக்கும், தொட்டால் ஒட்டும். அதனால் அதன் முதுகில் மெல்லிய நீலப் பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கும். அந்தத் தாளில் அடுக்கு எண்ணை எழுதி, துணியை வைத்த பிறகு தாளை உரித்து, மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டுவது பெவ்வின் வழக்கம். ஏழு அடுக்கு வைத்தால் சுவரில் ஏழு தாள் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்த பிறகுதான் மேலே பை போட்டு, காற்றை உறிஞ்சி, அடுப்பில் வைப்பார். ஒரு தாள் உள்ளே மாட்டிக்கொண்டால் அந்த இரண்டு அடுக்கும் ஒட்டாது. ஒட்டியது போலவே இருக்கும், பார்த்தால் தெரியாது. ஓட்டுநருக்குத்தான் தெரியும், அதுவும் மணிக்கு இருநூறு கிலோமீட்டரில்.

புதன்கிழமை மூன்று மணிக்குப் போன் வந்தது. கென் குளியலறையில் விழுந்துவிட்டார், பக்கத்து வீட்டுக்காரர் தூக்கி உட்கார வைத்திருக்கிறார். அப்போது ஏழாவது அடுக்கு முடிந்திருந்தது. பெவ் சுவரைப் பார்த்து விரலால் எண்ணினார். ஏழு. பை போட்டார், அடுப்பில் வைத்தார், கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார்.

வியாழன் காலை இறக்கை அடுப்பிலிருந்து வெளியே வந்தது. ஓரங்களை வெட்டி, தேய்த்து, தன் இரண்டு பென்ஸ் நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டினார். நல்ல இடம் கணீரென்று கேட்கும், கெட்டது பொத்தென்று கேட்கும். முழுக்கக் கணீரென்றது. இறக்கை சரி என்று கையெழுத்துப் போட வேண்டிய சீட்டை எடுத்து வைத்துவிட்டு, சுவரைச் சுத்தம் செய்யத் திரும்பினார்.

"ரசல், இங்க வா கண்ணு."

போனேன்.

"இந்த நம்பரை எல்லாம் வாசி."

"ஒண்ணு, ரெண்டு, மூணு, மூணு, அஞ்சு, ஆறு, ஏழு."

"இன்னொரு தடவை."

வாசித்தேன். இரண்டாவது மூன்றுக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன், நாலைக் காணோம். அந்தத் தாள் செவ்வாய்க்கிழமை இன்ஜின் மூடி வேலையில் மிச்சமானது. மற்றதை எல்லாம் சுவரிலிருந்து எடுத்தவர் இதை மட்டும் விட்டிருந்தார். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக எண்ணை வாசிக்காமல் தாளை மட்டும் எண்ணியிருந்தார்.

"நாலு கீழ விழுந்திருக்கும்," என்றேன்.

மேஜைக்கு அடியில், அடுப்புக்குப் பின்னால், செருப்புக்கு அடியில், கையுறைப் பெட்டிக்குள் என்று முக்கால் மணி நேரம் தேடினோம். குப்பையைப் புதன் மாலையே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் போயிருக்கலாம். இல்லையென்றால் இறக்கைக்குள்.

பெவ் மாடியிலுள்ள அலுவலகத்துக்குப் போகவில்லை. அணி மேலாளர் நைஜலைக் கீழே கூப்பிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னார். நைஜல் கெட்டவன் இல்லை. ஆனால் ஸ்பான்சர்கள் பதினோரு பேரை ஸ்னெட்டர்டனுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தான்.

"தட்டிப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். நல்லாத்தான் கேக்குது."

"அப்புறம் என்ன?"

"தாள் நடுவுல நெருக்கி உக்காந்திருந்தா தட்டினாலும் நல்லாத்தான் கேக்கும், நைஜல். அது உனக்கும் தெரியும்."

"ஸ்கேன் எடுக்கலாமே."

"கேட்டுட்டேன். திங்கக்கிழமைதான் நேரம் இருக்காம்."

நைஜல் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "உள்ள இருக்குன்னு உங்களுக்கு உறுதியா தெரியுமா?"

"தெரியாது."

"குப்பையில போயிருக்க வாய்ப்பு எவ்வளவு?"

"பாதிக்குப் பாதி."

"பாதிக்காக முழு வாரத்தையும் விடச் சொல்றீங்க."

சீட்டில் கையெழுத்து இல்லாமல் இறக்கை போகாது, அது நைஜலுக்கும் தெரியும். "பதினொன்றரை வரைக்கும் யோசிங்க பெவ், நான் கட்டாயப்படுத்தல," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான். கட்டாயப்படுத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

யெப்பே அப்போது பட்டறையில்தான் இருந்தான், காரில் உட்கார்ந்து பெடலைச் சரிசெய்துகொண்டு. எங்கள் பேச்சு முழுக்க அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். நாங்கள் அவனைக் கவனிக்கவே இல்லை.

பெவ் இறக்கையை மேஜை இடுக்கியில் இறுக்கினார். மூக்குக்கு முகமூடியை இழுத்துவிட்டு, வெட்டும் மெஷினைக் கையில் எடுத்தார்.

"பெவ், இன்னும் மணி பத்துதான் ஆகுது," என்றேன்.

"பதினொன்றரைக்கு எனக்கே மனசு மாறிடும், கண்ணு. எனக்கு என்னைத் தெரியும்."

வெட்டினார். ஒட்டிய இடத்தின் நட்ட நடுவே, மூன்றே நொடியில் இறக்கை இரண்டாகிவிட்டது. சத்தம் கேட்டு நைஜல் மாடிப்படியில் பாதி வந்து அப்படியே நின்றான்.

யெப்பே காரிலிருந்து இறங்கி வந்தான். ஒரு துண்டை வாங்கி வெட்டு முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கறுப்புக்கு நடுவே மயிரிழை அளவு நீலம். கட்டைவிரல் நகத்தை அதில் நுழைத்து லேசாக நெம்பினான். மேல் மூன்று அடுக்கும் ஸ்டிக்கர் உரிவது போல அவன் கையோடு வந்தன. உள்ளங்கை அகலத் தாள். அதில் பேனாவில் நாலு.

பெவ் முகமூடியைக் கழற்றினார்.

"இதோட போயிருந்தா நான் உன்னைக் கொன்னிருப்பேன்," என்றார். "மன்னிச்சுக்கோப்பா. வேற யாரும் இல்ல, நான்தான் செஞ்சேன்."

அவன் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுக்கு முன்னாடி மூணு தடவை உடைச்சேனே, அதெல்லாம்?"

"அதுவும் நான்தான் ஒட்டினேன்."

"ஒவ்வொரு தடவையும் புதுசு போடறீங்கன்னு நெனச்சேன். யாருமே சொல்லல."

"நீ கேக்கல."

எனக்குக் கோபமாக வந்தது. இவனிடமா, நைஜலிடமா, மூன்று மணிக்கு வந்த போனிடமா என்று தெரியவில்லை. பெவ்வுக்கு உதவ ஒரு ஆள் போடுங்கள் என்று மூன்று வருஷமாக நான் கேட்காததுதான் உண்மையில் உறுத்தியது.

லாரி எங்கள் கார் இல்லாமல், ஸ்பான்சர் விருந்துச் சாமானோடு மட்டும் போயிற்று. நைஜல் யெப்பேயின் அப்பாவுக்குப் போன் போட்டு, ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்று ஆரம்பித்தான். யெப்பே கையை நீட்டி அந்தப் போனை வாங்கினான். வாங்கியவன் பெவ் பக்கம் திரும்பினான்.

"உங்க முழுப் பேரு என்ன?"

ஏழு மாதமாக அவன் அவருக்குக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பெவர்லி ஹாலோவெல்."

அவன் ஜன்னலோரம் போய் டேனிஷில் பேசினான். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அவர் பேர் மட்டும் இரண்டு தடவை கேட்டது. பெவ் தன் ஸ்டூலில் உட்கார்ந்தார். வெறும் கையோடு அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"திட்டறாரா?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரியல பெவ்."

"திட்டட்டும். எனக்கு இப்ப சண்டை போடத் தெம்பில்ல."

யெப்பே வந்து நைஜலிடம் போனைக் கொடுத்தான். பெவ் தலை நிமிர்ந்து, "அப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

"எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டாரு. செஞ்சவங்களே சொல்லி, அவங்களே வெட்டினாங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"திட்டல. உங்க பேரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாரு."

பெவ் சரி என்று தலையாட்டினார். பிறகு களிம்பு பூசிய அந்தக் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.