கயாக்கோடு போறவரிட்டை எங்க எண்டு கேக்காதேங்கோ

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஜெயபுரம் பக்கம் போனவர்கள் வைக்கோல் ஏற்றிய ஒரு லாண்ட்மாஸ்டரை, அதுதான் பெட்டி பூட்டிய இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை, கண்டிருக்கலாம். பெட்டியில், வைக்கோலுக்கு மேலே, ஒரு பெண் குடை பிடித்தபடி இருந்திருப்பாள். பின்னால் ஏழெட்டு மாடுகள் ஊர்வலமாக வந்திருக்கும்.

அந்தப் பெண் நான்தான். சிரித்தவர்கள் எல்லோரையும் மன்னித்துவிட்டேன்.

வைக்கோலுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்றுதானே வைக்கோலே போட்டோம்! சரி, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். உள்ளே இருந்தது ஒரு கயாக். ஒற்றை ஆள் இருந்து துடுப்பு வலிக்கும் ஒல்லியான பிளாஸ்டிக் வள்ளம். நல்ல செம்மஞ்சள் நிறம். நடுவில் ஆள் இருப்பதற்கு ஒரு பள்ளம்.

இது என் அத்தானுடையது. அக்காவின் கணவர், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். கனடாவில் இருக்கும் அவருடைய தம்பி, "அண்ணை, மாரியில ஆத்து மீன் ஏறேக்குள்ள இதிலை இருந்து தூண்டில் போடுங்கோ" என்று கப்பலில் போட்டு அனுப்பிவிட்டார். வாங்கியவருக்கு அங்கே காசுச் செலவு, இங்கே எங்களுக்கு வினை.

எங்கள் ஆற்றை உங்களுக்குத் தெரியும். ஆடியில் மண்டக்கல்லாற்றுக்குள் கிரிக்கெட் விளையாடலாம். கார்த்திகை மழைக்குக் குளங்கள் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தால்தான் அது ஆறு. அப்போதுதான் மீன் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறும். அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். பிறகு மறுபடியும் கிரிக்கெட்.

அக்கா பால்மாடு வளர்க்கிறவள். அவளுடைய சீமெந்துத் தொட்டி வெடித்துக் கனநாள். கயாக்கை முற்றத்தில் இறக்கிய அன்றே அவள் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்... சின்ன வயதில் என் பென்சில் பெட்டியையும் அப்படித்தான் பார்ப்பாள்.

"இது மாட்டுத் தொட்டிக்கு அந்த மாதிரி இருக்கும்" என்றாள்.

அத்தான் பதறிப்போனார். உடனே அளவு நாடாவை எடுத்துவந்து பள்ளத்தை அளந்தார், பிறகு மாட்டின் தலையையும் அளந்தார். மாடு அதற்குச் சம்மதிக்கவில்லை, இருந்தும் அளந்தார். கொம்பு இடிக்கும், தலை உள்ளே போகவே போகாது என்று விஞ்ஞான ரீதியாகத் தீர்ப்புச் சொன்னார். அக்கா நம்பவில்லை. ஆனாலும் ஒரு தவணை கொடுத்தாள்.

"ஆறு வத்துறதுக்கு முதல் இதிலை போய் ஒரு குழம்புக்கு மீன் பிடிச்சுக்கொண்டு வாங்கோ. இல்லாட்டி இது தொட்டி."

மனுசன் வழியில் சந்தையில் மீன் வாங்கிவிடுவார் என்ற சந்தேகத்தில் என்னைச் சாட்சியாக அனுப்பினாள். நான் கிளிநொச்சியில் இருந்து லீவுக்கு வந்தவள். சோறும் தந்து வேலையும் தந்தால் என்ன சொல்ல முடியும்?

இனித்தான் சிக்கலே. கயாக் இருக்கிறது, ஆறு இருக்கிறது. ஆனால் கயாக்கை ஆற்றுக்குள் இறக்க இடம்?

அத்தான் இதற்காக வீடியோ வீடியோவாகப் பார்த்திருந்தார். கரை சாய்வாக இருக்க வேண்டும், நிலம் புதையாமல் இறுக்கமாக இருக்க வேண்டும், தண்ணீர் மெல்ல ஓட வேண்டும். இந்த மூன்றும் பொருந்திய இடத்தைத் தேடி நாங்கள் அலைந்த அலைச்சல் இருக்கிறதே... மாப்பிள்ளை தேடுவது அதைவிடச் சுகம். பாலத்தடியில் கரை செங்குத்து, கீழே கல். அதற்கு அங்கால் கால் வைத்தால் முழங்கால் மட்டும் சேறு. இன்னோரிடத்தில் ஊர்ப் பெண்கள் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கயாக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதற்குள் உடுப்பு ஊறப்போடலாமோ என்று விசாரித்தார். அத்தான் உடனே லாண்ட்மாஸ்டரைத் திருப்பினார்.

மீன் பிடிக்கிறவர்களிடம் கேட்கலாமே என்பீர்கள். கேட்டோம். கை நிறைய மீனோடு வந்தவரிடம் எங்கே பிடித்தீர்கள் என்றால், "உங்காலதான்" என்று நாடியைத் தூக்கிக் காட்டினார். அந்த நாடி காட்டிய திசையில் பூநகரியும் இருந்தது, இந்தியாவும் இருந்தது. எங்கள் ஊரில் சொத்து எங்கே இருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடுவார்கள், மீன் எங்கே இருக்கிறது என்று சொல்லமாட்டார்கள்.

இதையெல்லாம்கூடச் சமாளித்திருக்கலாம். பெரிய சிக்கல் வேறு.

புறப்பட்டுப் போகிறவரைப் பார்த்து 'எங்கே போகிறீர்கள்' என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது. கேட்டுவிட்டால் திரும்பி வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பத்தாம் வகுப்புக்கு மிதப்பு விசை படிப்பிக்கிற அத்தானுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

இப்போது நினைத்துப் பாருங்கள். ஒரு மாஸ்ரர் லாண்ட்மாஸ்டர் பெட்டியில் செம்மஞ்சள் வள்ளம் ஒன்றை ஏற்றிக்கொண்டு வயல் வெளிக்குள்ளால் போகிறார். எந்த மனிதப் பிறவி கேட்காமல் இருக்கும்? கடைக்காரர் கேட்டார். திரும்பினோம். தண்ணீர் குடித்தோம். சைக்கிளில் வந்த அம்மா கேட்டா. திரும்பினோம். தண்ணீர் குடித்தோம். தபால்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஹெல்மெட்டையும் கழற்றிவிட்டுக் கேட்டார். அந்தக் கிழமை நாங்கள் குடித்த தண்ணீரில் கயாக்கை வீட்டு முற்றத்திலேயே விட்டிருக்கலாம்.

இதற்கிடையில் கனடாவில் இருந்து தம்பி தினமும் போன் எடுத்தார். மீன் பிடித்தாயிற்றா என்று கேட்பார். அத்தான் "ஓம் ஓம்" என்பார். போனை வைத்த பிறகு ஈரத்துணி எடுத்துக் கயாக்கைத் துடைப்பார். ஒரு நாளும் நனையாத வள்ளத்தைத் துணியால் நனைக்கிற மனிதரைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது. ஆறோ நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா தொட்டிக்கு இடம்கூடத் துப்புரவாக்கிவிட்டாள்.

அதனால்தான் வைக்கோல். யோசனை என்னுடையது. வைக்கோல் வண்டியைப் பார்த்து எங்கே போகிறாய் என்று யார் கேட்பார்கள்?

உண்மைதான், மனிதர் ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் இது காலபோகம். வயலெல்லாம் நெல், மாட்டுக்கு வாய் வைக்க இடமில்லை. மழைக்காலத்தில் காய்ந்த வைக்கோல் தெருவில் போனால் கட்டாக்காலி மாடுகள் சும்மா விடுமா? சந்தியில் ஒன்று சேர்ந்தது. மதகடியில் மூன்று. அதற்கு அங்கால் இன்னும் நாலு. குடையால் விரட்டினேன். அவை குடையைப் பொருட்படுத்தவில்லை. ஆளுக்கொரு வாய் இழுக்க இழுக்க, வைக்கோல் குறைந்து செம்மஞ்சள் மூக்கு வெளியே எட்டிப் பார்க்கத் தொடங்கியது.

தூரத்தில் ஆட்கள் வருவது தெரிந்ததும் அத்தான் பயந்துபோய்ப் பற்றைக் காட்டுக்குள்ளால் போன ஒரு மணல் தடத்தில் லாண்ட்மாஸ்டரைத் திருப்பினார். அங்கே நிறுத்தி, மிஞ்சிய வைக்கோலால் கயாக்கை மூடிக்கொண்டிருந்தோம். வயிறு நிரம்பிய மாடுகள் எங்களைக் கணக்கில் எடுக்காமல், ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றைக்குள் நுழைந்து போயின. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அத்தானைப் பார்த்தேன். இரண்டு பேரும் மாடுகளுக்குப் பின்னால் போனோம்.

மருதமர நிழல். மெல்லச் சரிந்து இறங்கும் கரை. வருசக்கணக்காகக் குளம்பு மிதித்து இறுகிப்போன நிலம். அமைதியாகச் சுழன்று ஓடும் தண்ணீர். வீடியோவில் சொன்ன மூன்றும் அங்கே இருந்தன. யோசித்தால் இதில் என்ன அதிசயம்? தண்ணீர் குடிக்கப் போகிற மாட்டுக்கும் அந்த மூன்றும்தானே வேண்டும்! வீட்டில் இத்தனை மாடுகளை வைத்துக்கொண்டு நாங்கள் மனிதர்களிடம் வழி கேட்டு அலைந்திருக்கிறோம்.

கயாக்கை இறக்கினோம். மெத்தைக்குப் பதிலாகப் பள்ளத்துக்குள் கொஞ்சம் வைக்கோலைப் பரப்பி அத்தான் ஏறி இருந்தார். மடியில் தூண்டில், கையில் துடுப்பு. முகத்தில் கலியாணக் களை. நான் பின்னால் நின்று தள்ளக் கை வைத்தேன்.

அப்போதுதான், தன் மாட்டைத் தேடிக் கயிறும் கையுமாக ஒரு பெண் பற்றைக்குள்ளால் வந்தா. எங்களைக் கண்டா. வாயைத் திறந்தா.

"மாஸ்ரர்... எங்க போறியள்?"

தள்ள வைத்த கையை எடுத்துவிட்டேன். திரும்பிப் போய், தண்ணீர் குடித்து, மறுபடி வர எங்களிடம் வைக்கோலும் இல்லை, ஆற்றில் அவ்வளவு தண்ணீரும் இல்லை. கரையில் பழைய நீர்மட்டத்தின் கோடு ஒரு முழம் மேலே தெரிந்தது. அத்தான் அந்தக் கோட்டைப் பார்த்தார். துடுப்பைப் பார்த்தார். பிறகு, வகுப்பில் விடை சொல்லுகிற அதே குரலில் சொன்னார்.

"நான் ஒரு இடமும் போகேல்லை, தங்கச்சி. வந்திட்டன்."

துடுப்பை ஊன்றித் தள்ளிக்கொண்டு போயே போய்விட்டார்!

அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பதிலைக் கேட்க அவ நிற்கவே இல்லை, மாட்டோடு பாதி வழி போயிருந்தா. எங்கள் சனம் எங்கே போகிறாய் என்று கேட்பது விடை வேண்டியா? கண்டேன், சுகமா என்பதற்கு அது ஒரு பேச்சு. அந்தப் பேச்சுக்கு ஒரு கிழமை முழுக்க நாங்கள் வீட்டுக்கும் சந்திக்குமாக நடை பழகியிருக்கிறோம்.

அத்தான் இரண்டு தரம் கவிழப் பார்த்தார். ஒரு தரம் நேராக நாணலுக்குள் போனார். ஆனால் வரும்போது கை நீளத்துக்கு ஒரு விரால் கொண்டுவந்தார். ஒரு குழம்புக்கு அது தாராளம். நானே கண்ணால் கண்ட சாட்சி. எனக்குக்கூடச் சந்தோசத்தில் கண் கலங்கியது. கயாக்கைக் கரையில் இழுத்துவிட்டு, விராலைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கச் சொல்லிப் படம் எடுத்தேன். ஒன்றைக் கனடாவுக்கும் ஒன்றை அக்காவுக்கும் அனுப்பினேன்.

கனடாவில் இருந்து உடனே பத்துக் கைதட்டல். கொஞ்சம் பொறுத்து அக்காவிடம் இருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன், அத்தானும் புகழ்ச்சியைக் கேட்கட்டும் என்று.

"படம் பாத்தன். மீன் கிடக்கட்டும்" என்றாள் அக்கா. "அவருக்குப் பின்னால வள்ளத்துக்குள்ள ஒரு மாடு வைக்கோல் தின்னுது பார். கொம்போட தலை வடிவாப் போகுதெல்லோ?"

ஆறு வற்றும் மட்டும் கயாக் அத்தானுக்கு, வற்றியபிறகு மாடுகளுக்கு என்று தீர்ப்பாகியிருக்கிறது. விரால் குழம்பு நல்ல உறைப்பு. அத்தான் மட்டும் இன்னும் என்னோடு கதைக்கிறதில்லை, படத்தை வெட்டி அனுப்பியிருக்கலாமாம்!