ஏரிக்கரையில் அண்ணன் பிடித்து நிறுத்திய வண்டி

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில் வீடு தேடி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு, அவரை மாமாவாகவோ சித்தப்பாவாகவோ ரெக்கவரி வண்டிக்காரராகவோ தெரியும். நான் அவருடைய ஒரே தங்கை. ஏரிக்கரையில் நடந்ததை நீங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்தான். ஆகவே எழுதும் பொறுப்பை அண்ணி என்னிடம் ஒப்படைத்தார்.

அண்ணன் பிறந்தது மேல்பட்டாம்பாக்கத்தில், அம்மாவின் தாய்வீட்டில். வளர்ந்தது நெய்வேலி குவார்ட்டர்ஸில். அப்பாவுக்குச் சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை. சுரங்க இயந்திரங்களின் இரைச்சல் இரவும் பகலும் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். அது எங்கள் காதில் விழாது. எப்போதாவது அது நின்றால்தான் தூக்கிவாரிப்போடும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் சட்டென்று தலையை நிமிர்த்துவார். சில விநாடிகள் கழித்துத்தான் சத்தம் நின்றுபோனது எங்களுக்கு உறைக்கும். அவருக்கு மட்டும் அது எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்று அம்மா பயந்ததுண்டு.

டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் அவர் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா தவறிவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு டவுன்ஷிப்புக்கு வெளியே வாடகை வீட்டுக்குப் போனோம். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு, சுரங்கத்தில் ஓடும் பெரிய டம்பர் லாரிகளைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வண்டிகளுக்கு கிளட்ச் கிடையாது. பாரத்தைப் பொறுத்து கியர் தானாகவே ஏறும், இறங்கும். அவற்றைப் பிரித்துப் பிரித்தே அந்த வேலையை அவர் கற்றுக்கொண்டார். அந்தச் சம்பளத்தில்தான் நான் கணிதம் படித்து ஆசிரியை ஆனேன். என் திருமணம் முடிந்த பிறகுதான் தன் திருமணத்துக்குச் சம்மதித்தார்.

கான்ட்ராக்ட் முடிந்ததும், மற்றவர்கள் பைத்தியக்காரத்தனம் என்று சொன்ன ஒரு காரியத்தைச் செய்தார். பழைய லாரி ஒன்றை வாங்கி, ஏலத்தில் எடுத்த ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை அதில் பொருத்தி, பழுதான வண்டிகளை இழுக்கும் ரெக்கவரி வண்டியாக மாற்றினார். கிளட்ச் வண்டி கிளம்பும்போது சங்கிலி வெடுக்கென்று இழுபடும். அப்படித்தான் சங்கிலிகள் அறுகின்றன, கொக்கிகள் பிய்ந்து ஆளைத் தாக்குகின்றன என்பது அவர் வாதம். ஆட்டோமேட்டிக்கில் இழுவை மெல்ல மெல்லக் கூடும். பட்டறையில் அவருடன் வேலை செய்த ஒருவரின் கை நசுங்கியதைப் பார்த்த நாளிலிருந்தே இந்த எண்ணம் அவர் மனதில் இருந்திருக்கிறது.

ஆனால் அந்த கியர் பாக்ஸுக்கும் லாரியின் பின் அச்சுக்கும் பொருந்தவில்லை. அச்சுக்குள் சின்னப் பல்சக்கரம் ஒன்றும் பெரிய பல்சக்கரம் ஒன்றும் இருக்கும். பெரியதற்கு நாற்பத்தொரு பல். சின்னதற்கு ஏழு பல் இருந்தால் வண்டி வேகமாக ஓடும், இழுவை குறையும். ஆறு பல் இருந்தால் மெதுவாக ஓடும், இழுவை கூடும். எது சரி என்று கணக்குப் போட்டுச் சொல்லும்படி என்னிடம் கேட்டார். ஏழே போதும் என்று நான் சொன்னேன். அவர் பெரிய டயர் மாட்டியிருந்தார். நான் பழைய டயரின் அளவை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன். டயர் பெரிதானால் இழுவை இன்னும் குறையும்.

நெல்லிக்குப்பம் சாலையில் ஒரு கரும்பு லாரியை இழுத்து வந்தபோது கியர் ஓரிடத்தில் நிற்காமல் ஏறுவதும் இறங்குவதுமாகத் தத்தளித்திருக்கிறது. ஆயில் கொதித்து, தீய்ந்து, கியர் பாக்ஸ் போயே போய்விட்டது. அன்று வீட்டுக்கு வந்தவரின் சட்டையிலும் தலைமுடியிலும் கருகிய வாடை. நான் அழுதேன்.

"டயரு பெருசுன்னு நான் உன்கிட்ட சொல்லல பாப்பா. என் தப்புதான்" என்றார்.

அவர் சொல்லியிருந்தார். இரண்டு முறை சொல்லியிருந்தார். அது அவருக்கும் தெரியும்.

கியர் பாக்ஸைச் சீராக்கி, ஆறு பல் சக்கரம் தேடிக் கண்டுபிடித்து மாட்டி, ஆயிலைக் குளிர்விக்க முன்பக்கம் தனிக் கூலர் வைக்க ஏழெட்டு மாதம் பிடித்தது. அதன் பிறகு கியர் மாறுவதே தெரியாமல் வண்டி ஓடியது. முன்பு அது எப்போதும் தடுமாறிக்கொண்டே இருந்ததால் எதையும் புரிந்துகொள்ள முடியவில்லை. இப்போது கியர் ஒன்று இறங்கினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்றார். மேடு, பாரம், எதிர்க்காற்று என்று ஒவ்வொன்றையும் சொல்வார், சொன்னபடியே இருக்கும்.

வளையமாதேவிப் பக்கம் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவரால் காரணம் சொல்ல முடியவில்லை. சுரங்கத்துக்கு நிலம் எடுத்த பிறகு வீடுகள் இல்லாமல் போன இடம் அது. ஒரு புளியமரமும் கைப்பிடி இல்லாத அடிபம்பும் மட்டும் நிற்கும். சமமான சாலை. பின்னால் எதுவும் கட்டியிருக்காது. ஆனாலும் அங்கே வரும்போது, யாரோ பாரம் ஏற்றினாற்போல கியர் இறங்கும். நூறடி தாண்டியதும் தானாகச் சரியாகிவிடும். ரசமட்டம் வைத்துப் பார்த்தார்; மேடு இல்லை. ஒருநாள் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்றதாகவும், பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டதாகவும் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த வழியாகப் போவதை விட்டுவிட்டார்.

இனி ஏரிக்கரைக்கு வருகிறேன். அம்மாவின் திதிக்காக நானும் அண்ணனும் மேல்பட்டாம்பாக்கத்துக்குக் கிளம்பிய மார்கழிக் காலை அது. பைக் பழுதாகியிருந்ததால் ரெக்கவரி வண்டியிலேயே புறப்பட்டோம். ஊரெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். பாதி வழியில் அண்ணனுக்கு போன் வந்தது. நடவுக்குப் பெண்களை ஏற்றிப்போன வேன் ஒன்றின் பின்சக்கரம் ஏரிக்கரைச் சாலையின் ஓரச் சேற்றில் இறங்கிவிட்டதாம்.

நாங்கள் போனபோது வேன் லேசாகத் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்திருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்ததால் பெண்கள் உள்ளேயே இருந்தார்கள். டிரைவரையும் சேர்த்துப் பதினேழு பேர். இறங்கச் சொல்லட்டுமா என்று டிரைவர் கேட்டார். ஒரு சாண் இழுத்தால் போதும், நனைய வேண்டாம், இருக்கட்டும் என்று அண்ணன் சொன்னார். அந்த வார்த்தைக்காகக் கடைசி வரை அவர் தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை.

சங்கிலியை மாட்டிவிட்டு வண்டியை மெல்ல நகர்த்தினார். வேன் ஒரு சாண் வந்தது. பிறகு கியர் இறங்கியது. இன்னொன்றும் இறங்கியது. சமமான சாலையில், அசையாத வேனை இழுக்கும்போது, பாரம் கூடிக்கொண்டே போனது. அண்ணன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு பிரேக்கை மிதித்தார். சங்கிலி தளர்ந்திருக்க வேண்டும். தளரவில்லை. நாங்கள் இழுக்காமலே அது இறுகிக்கொண்டிருந்தது. கரையில் கத்திக்கொண்டிருந்த தவளைகள் ஒரே நேரத்தில் அடங்கின. அண்ணன் தலையை நிமிர்த்தினார். கண்ணாடியில் வேனின் இரண்டு விளக்குகளும் பனிக்குள் மிக மெதுவாகக் கீழே போய்க்கொண்டிருந்தன. எங்கள் சக்கரங்கள் பிரேக் பிடித்தபடியே பின்னால் வழுக்கத் தொடங்கின.

"பாப்பா, கரை போவுது. நீ இறங்கி அவங்கள இறங்கச் சொல்லிட்டு முன்னாடி நட. என்னைப் பாக்காத."

நான் இறங்கினேன். அவர் பிரேக்கை விட்டுவிட்டு, மிகக் கீழ் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தி, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் வண்டியை அதே இடத்தில் பிடித்து நிறுத்தினார். கிளட்ச் வண்டியில் அப்படி நிற்க முடியாது. ஏழு பல் சக்கரமாக இருந்தால் ஆட்டோமேட்டிக்கும் நின்றிருக்காது. நான் ஓடிப்போய் வேன் கதவைத் தட்டினேன்.

"வண்டிதான் நின்னுகினு இருக்குதே, ஏன் எறங்கணும்?" என்று ஓர் அம்மா கேட்டார். கரை போகிறது என்றேன். நம்பாமல் வெளியே எட்டிப் பார்த்தார். கதவுப் படிக்கும் சாலைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விரிந்திருந்தது. அதன் பிறகு யாரும் எதையும் கேட்கவில்லை.

நான் சாலையில் முன்னால் போய் நின்று, பனிக்குள்ளிருந்து வந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணினேன். கடைசியாக டிரைவர் வந்தார். பதினேழு. கையை உயர்த்திக் காட்டினேன். அண்ணன் வண்டியை எடுக்கவில்லை. இன்னும் சிறிது நேரம் அப்படியே நின்றார். பிறகு கரை சத்தமில்லாமல் உட்கார்ந்தது. வேனின் கொக்கி பிய்ந்தது. ரெக்கவரி வண்டி துள்ளி முன்னால் வந்து நின்றது. வேன் ஜன்னல் வரை தண்ணீரில் இருந்தது.

அண்ணன் இறங்கி என்னிடம் ஓடிவந்தார். வண்டியிலிருந்து தீய்ந்த ஆயில் புகைந்துகொண்டிருந்தது.

"எத்தினி பேரு?"

"பதினேழுண்ணா. எல்லாரும் வந்தாச்சு."

"இல்ல. பதினெட்டு பேரு என் பக்கமா நடந்து போனாங்க. கண்ணாடியில எண்ணினேன். டிரைவருக்குப் பின்னாடி ஒருத்தர் வந்தாரு."

எனக்கும் டிரைவருக்கும் நடுவே யாரும் இல்லை. டிரைவருக்குப் பின்னால் யாரும் வரவில்லை. நான் சொன்னதை அண்ணன் ஏற்கவில்லை. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தேடினார். நண்பகலில் வேனை வெளியே தூக்கும் வரை கரையேறவில்லை. உள்ளே சாப்பாட்டுத் தூக்குகளைத் தவிர எதுவும் இல்லை. அம்மாவின் திதி அந்த வருடம் நடக்கவில்லை.

அதன் பிறகு ஒரு மாதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய், யாராவது காணாமல் போயிருக்கிறார்களா என்று விசாரித்தார். அந்தப் பதினெட்டாவது ஆள் எப்படி இருந்தார் என்று கேட்டால், கண்ணாடியில் நிழலாகத்தான் தெரிந்தது, கடந்து போனபோது முதுகு மட்டும்தான் தெரிந்தது, தலையில் துண்டு இருந்தது, அவசரப்படாமல் நடந்தார் என்பார். தூக்கம் போனது. சாப்பாடு குறைந்தது. கடைசியில் வேனில் இருந்த பெண்களே ஒருநாள் வீட்டுக்கு வந்தார்கள். முதலில் கேள்வி கேட்ட அந்த அம்மாதான் பேசினார்.

"எங்க வூட்டுங்கள்ல அல்லாரும் இருக்கோம் சாமி. எங்க ஊர்ல யாரும் கொறையல. உன் பக்கமா நடந்து போனவரு பத்தரமாத்தான போனாரு? வுட்டுடு."

அண்ணன் எழுந்து போய்க் கை கழுவினார். பிறகு அண்ணியிடம் சோறு போடச் சொன்னார். அதற்கப்புறம் அவர் விசாரித்துப் போகவில்லை. கியர் பாக்ஸை இரண்டாவது முறையாகச் சீராக்கி, மேலும் ஒன்பது ஆண்டுகள் அதே வண்டியை ஓட்டினார். ஆள் இருக்கும் வண்டியை மட்டும் அவர் ஒருபோதும் இழுக்கவில்லை. கொட்டும் மழையிலும், கைக்குழந்தையோடு இருந்தாலும் இறக்கிவிடுவார். சிலர் அவரைத் திட்டியிருக்கிறார்கள். திட்டியவர்கள் இதைப் படித்தால் காரணம் புரியும்.

சென்ற ஆண்டு நுரையீரல் நோய் முற்றி, பதினோரு நாட்கள் மருத்துவமனையில் இருந்தார். செவிலியர்கள் அவரை அவ்வளவு கனிவாகப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு எங்கள் வணக்கம். இரவு பகலாக அண்ணிக்குத் துணையிருந்த அண்ணியின் தம்பிக்கும், வெளியூர் உறவினர்கள் தங்கத் தங்கள் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்த எங்கள் பழைய பக்கத்து பிளாக் குடும்பத்தாருக்கும், ரத்தம் கொடுத்த லாரி டிரைவர்களுக்கும், நடவு வேலையை விட்டுவிட்டு இறுதி ஊர்வலத்துக்கு வந்து கடைசி வரை நடந்த பெண்களுக்கும் நன்றி சொல்ல வார்த்தை போதாது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் பெயர் எனக்குத் தெரியாது. பதினோராம் நாள் மாலை, ஸ்கூலுக்கு லீவு சொல்லிவிட்டு நாளை வா, பஸ் போய்விடும் என்று அண்ணன்தான் என்னை அனுப்பிவைத்தார். பஸ் ஊர் எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருக்கும். எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. எழுந்து நின்று, இறங்க வேண்டும் என்றேன். ஸ்டாப்பிங் இல்லாத இடம். சுற்றிலும் வயல். கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். நான் இறங்கிச் சாலையைக் கடந்து, திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக நின்றேன். அதன் பிறகுதான், அண்ணன் போய்விட்டார் என்று சொல்ல, கைப்பையில் போன் அடித்தது.

அந்தக் கண்டக்டர் இம்மலரைப் பார்க்க வாய்ப்பில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன். ஏன் என்று அவர் என்னைக் கேட்கவில்லை.