உடைப்பக்காவின் நேர்முகத் தேர்வு

அவளுடைய இயற்பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். பொருளறிவியல் துறையில் மற்ற எல்லோருக்கும் அவள் உடைப்பக்கா. சோதனைக்கூடத்தில் உலோகக் கம்பிகளை இழுவை இயந்திரத்தில் மாட்டி, உடையும்வரை இழுப்பது பதினோரு வருடமாக அவள் வேலை. கம்பி எங்கே உடையும் என்று மாணவர்கள் நாள்கணக்கில் கணினியில் கணக்குப் போட்டுக்கொண்டு வருவார்கள். அவள் கம்பியை வெளிச்சத்தில் ஒரு தடவை உருட்டிப் பார்த்துவிட்டு, "இங்கதான் போகும்" என்று தொட்டுக் காட்டுவாள். பெரும்பாலும் அங்கேதான் போகும். அப்படி எட்டுப் பேர் முனைவர் ஆகிவிட்டார்கள்.

கணினிவழிப் பொறியியலிலும் பொருளறிவியலிலும் முனைவர் பட்ட ஆய்வுக்கு நான்கு இடங்கள் என்ற அறிவிப்பைப் பலகையில் குத்தும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. குத்தும்போதே படித்தாள். முதுகலையைத் தபால் வழியில் முடித்திருந்தாள். வயது வரம்பு என்று எதுவும் போடவில்லை, மறந்துவிட்டார்களோ என்னவோ.

பள்ளி வேன் ஓட்டும் கணவர் அவள் எழுதிய ஆய்வுத் திட்டத்தை வாசித்தார்.

"ரெண்டாவது வரியிலயே தூக்கம் வருதே!"

"அப்ப சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்று அப்படியே அனுப்பிவிட்டாள்.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். தலைவர் கணினியே கதி என்று இருக்கும் பேராசிரியர். மேசையில் ஒரு கம்பியை வைத்தார்.

"எங்க ப்ரோக்ராம் மூணு நாள் ஓடி, இது சரியா நடுவுல உடையும்னு சொல்லுது. நீங்க என்ன சொல்றீங்க?"

அவள் உருட்டிப் பார்த்தாள். "மெஷின் பிடிக்கிற முனைக்குப் பக்கத்துல போகும் சார்."

"என்ன ஆதாரம்?"

"பதினோரு வருஷம் சார்."

"அதை அடிக்குறிப்புல போட முடியாதேம்மா!"

எல்லோரும் சோதனைக்கூடத்துக்கு இறங்கினார்கள். இயந்திரத்தை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் தேர்வுக்கு வந்தவள்தான். புது உடுப்பின்மேல் பழைய வேலைக் கோட்டை மாட்டிக்கொண்டாள். "தரையில போட்டிருக்கிற மஞ்சக் கோட்டுக்குப் பின்னால நில்லுங்க!" என்று அதட்டினாள். மூவரும் நின்றார்கள்.

டமார்!

கம்பி நடுவிலும் உடையவில்லை, முனைக்குப் பக்கத்திலும் உடையவில்லை. இரண்டுக்கும் இடையில், யாருமே சொல்லாத இடத்தில் உடைந்து கிடந்தது. தலைவர் தொண்டையைக் கனைத்தார். அவளோ தேர்வையே மறந்து, துண்டுகளைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் பிடித்தாள்.

"சார், உள்ள ஒரு ஓட்டை! கடுகுல பாதிகூட இல்ல. எனக்கும் தெரியல, உங்க கம்ப்யூட்டருக்கும் தெரியல!"

"எங்க, எங்க?" தலைவர் குனிந்ததில் இரண்டு தலையும் முட்டிக்கொண்டன.

"வெளிய அடுத்த ஆள் காத்திருக்காங்க" என்றார் குழுவிலிருந்த பேராசிரியை.

"இருக்கட்டும்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

இடம் கிடைத்தது. அந்த ஓட்டையே ஆய்வுத் தலைப்பும் ஆனது. ப்ரோக்ராம் எழுதக் கற்றுக்கொள்வதுதான் பாடாய்ப் படுத்தியது. "கம்பியாவது ஒரு தடவைதான் உடையும். இது ஒரு நாளைக்கு நாப்பது தடவை உடையுதுங்க" என்று கணவரிடம் புலம்புவாள். ஆனாலும் மறுநாள் காலையில் முதல் ஆளாகக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

அவள் பழைய இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். கணினியில் முதல் கணக்கு முடிந்ததும், உடைப்பக்கா கம்பியோடு உரிமையாகச் சோதனைக்கூடத்துக்குள் நுழைந்தாள்.

"முன்பதிவு பண்ணாம முடியாதுக்கா. வியாழக்கிழமை வாங்க."

உடைப்பக்கா பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனாள். வியாழக்கிழமைக்குள் கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்த்ததில், இரண்டு தப்பு அகப்பட்டது.