சுகுணா போட்ட பூட்டு

நிறுத்திய மிஷின் நிறுத்தியபடியே இருக்கும் என்று எதை நம்பி அதற்குள் கை வைப்பது? இது சுகுணா கேட்ட கேள்வி. அதுவரை அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவள் வேலை பார்த்த இடத்தில் யாருக்கும் தெரியாது.

சுகுணா குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தவள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். வாட்டிய இலையைப் பல் வைத்த உருளைகளுக்கு நடுவே விட்டு நொறுக்குகிற ரோலர் அவள் பொறுப்பு. இலை அடைத்துக்கொண்டால் கையை விட்டுத் தோண்ட வேண்டும். அந்தக் கைகளைத் தவிர அவளுக்குச் சொத்து என்று வேறு எதுவும் கிடையாது.

தேயிலை விலை விழுந்த காலம் அது. முதலாளி சிக்கனம் பிடித்தார். காரை விற்கவில்லை, சுவிட்சைப் பார்த்துக்கொண்ட ஆளை வீட்டுக்கு அனுப்பினார். பிறகு தூள் தயாரிப்பை மேற்பார்க்கிற டீமேக்கர் ஆறுக்குட்டியே சுவிட்சையும் பார்த்தார். சுவிட்ச் சுவருக்கு அந்தப் பக்கம், ரோலர் இந்தப் பக்கம். இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. ஆகவே ஸ்பேனரால் குழாயைத் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் ஓட்டு. இந்த மகத்தான ஏற்பாட்டைக் கண்டுபிடித்தது தான்தான் என்று ஆறுக்குட்டி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார்.

சர்டிபிகேட் இருந்தால்தான் வெளிநாட்டுக்காரன் டீ வாங்குவான் என்று யாரோ முதலாளி காதில் ஓதியதால், ஒரு நாள் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. கோயம்புத்தூரிலிருந்து வசந்த்குமார் என்பவர் வந்தார். வகுப்பு தொடங்கும் முன்பே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். கொண்டுவந்த ஹெல்மெட்டுகளை மாற்றி மாற்றி மாட்டிவிட்டுப் போட்டோ எடுத்தார். எடுத்ததும் அவற்றைத் துடைத்து ஜீப்பில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு கையில் வடையும் ஒரு கையில் காகிதமுமாகப் படித்தார். தீப்பிடித்தால் மெயின் கேட் வழியாக வரிசையாக வெளியேற வேண்டுமாம். டீத்தூள் திருட்டுப் போகுமென்று அந்தக் கேட்டை அடைத்தே வைத்திருந்தார்கள்.

"இவனுக்கு ரோலரும் தெரியாது, கீலரும் தெரியாது," என்றாள் பக்கத்து மிஷின் ராக்கம்மா.

சுகுணாவும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் காகிதத்தில் இன்னொரு வரி இருந்தது. மிஷினுக்குள் கை வைப்பவரே சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். தான் என்ன படித்தோம் என்பதுகூடத் தெரியாமல் வசந்த்குமார் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

"பூட்டு யாருங்க தருவாங்க?" என்று கேட்டாள் சுகுணா.

வசந்த்குமார் டீமேக்கரைப் பார்த்தார்.

"ஏ அம்மிணி, இன்னைக்குப் பூட்டும்பே, நாளைக்குப் பொட்டியும்பே. வடையத் தின்னுபோட்டு வேலையப் பாரு," என்றார் ஆறுக்குட்டி. வசந்த்குமாரும் சேர்ந்து சிரித்தார்.

மறுநாள் அவள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தன் வீட்டுக் கதவின் பூட்டையே கழற்றிக்கொண்டு வந்தாள்.

"ஊட்டுக்கு?" என்றாள் ராக்கம்மா.

"உள்ள வந்தா திருடந்தான் எதாச்சும் வெச்சுட்டுப் போகணும்."

சுவிட்ச் கைப்பிடியிலேயே பூட்டு மாட்டத் துளை இருந்தது. அது எதற்கென்று ஆறுக்குட்டி இத்தனை வருஷமாகக் கேட்டதே இல்லை.

மழை நாளொன்றில் ஈர இலை ரோலரை அடைத்தது. சுகுணா ஒரு தட்டுத் தட்டினாள். மிஷின் நின்றது. சுவரைச் சுற்றிப் போய், ஆறுக்குட்டி முதுகைக் காட்டி நின்றபோது சுவிட்சைப் பூட்டினாள். சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு வந்து, முழங்கை வரை உள்ளே விட்டாள். அதே நேரம் ஃபிட்டர் நெல்சன் இலை உலர்த்தும் டிரையர் பக்கம் ஒரு குழாயைச் சுத்தியலால் தட்டினான். ஆறுக்குட்டி காதில் இரண்டு தட்டு விழுந்தது. சுவிட்சைத் தள்ளினார். அசையவில்லை. இரண்டு கையாலும் முக்கினார். பிறகுதான் பூட்டைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"ஓட்டச் சொல்லித் தட்டிப்போட்டுப் பூட்டி வெச்சிருக்கியே, கிறுக்கா உனக்கு?"

"நான் தட்டலீங்கய்யா. கை உள்ளதான் இருக்கு, பாருங்க."

நெல்சன் மறுபடி தட்டினான். இருவருக்கும் கேட்டது. மனிதனாக இருந்தால் நடக்கவிருந்ததை நினைத்து அந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பான். ஆறுக்குட்டி சொன்னது வேறு.

"இலை புளிக்குது. சாவியக் குடு."

"கைய எடுத்தாத்தாங்க சாவிய எடுக்க முடியும்."

அனுமதியில்லாமல் சுவிட்சைத் தொட்டதற்காக அவளுக்கு ஒரு வாரம் வேலை இல்லை என்றார்கள். அந்த வாரத்தில்தான் சர்டிபிகேட்காரர்கள் வந்தார்கள். ஆறுக்குட்டி ஒரு புதுப் பூட்டை வாங்கிச் சுவிட்சில் தொங்கவிட்டு, "தொழிலாளி பாதுகாப்புத்தாங்க எங்களுக்கு மொதல்ல," என்று காட்டினார். சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. சர்டிபிகேட் கிடைத்துவிட்டது, கண்ணாடி போட்டு ஆபீசில் மாட்டினார்கள்.

சுகுணா திரும்பி வந்த அன்றைக்கே ரோலர் அடைத்துக்கொண்டது. ஆறுக்குட்டி சுவிட்சைப் பூட்டிவிட்டு வந்து, "ம், கைய வை," என்றார்.

அவள் வைக்கவில்லை. "சாவிங்க?"

"எங்கிட்டத்தான இருக்குது?"

"உங்க கையா உள்ள போகுது?"

அவர் ராக்கம்மாவைக் கூப்பிட்டார். ராக்கம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கும் சாவி வேணுங்க," என்றாள். இலை புளிக்கிற வாசனை ஏறியது. ஆறுக்குட்டி சாவியைத் தரையில் விட்டெறிந்தார். கையில் கொடுத்தால் மரியாதை போய்விடும் பாருங்கள். சுகுணா குனிந்து எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

மாவு மில்லோ மர மில்லோ, மிஷினுக்குள் கை வைத்துப் பிழைக்கிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவராக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.