அத்தை ஆண்டவரிடம் சொன்ன பெயர்

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வேதாகம வசனம் உண்டு. பிறரைக் குற்றவாளியென்று தீர்க்கக்கூடாது என்பது அப்பாவுடையது. அதனால் அவருக்கு யாரோடும் வம்பில்லை. பழிவாங்குவது ஆண்டவரின் வேலை என்பது, எங்களோடு இருந்த விதவை அத்தையுடையது. சகோதரன் தப்பு செய்தால் அவனிடமே தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும் என்பது என்னுடையது. ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்து முதல் பரிசு வாங்கியவள் நான். ஒன்பது வயதில் எனக்கிருந்த கர்வத்துக்குத் தூத்துக்குடி போதாது.

மூன்று வசனங்களும் முட்டிக்கொண்டது அத்தை விஷயத்தில்தான். யுத்த காலத்திலும் எங்கள் கோயிலில் அசனம் நடந்தது. சபையார் எல்லோரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து உண்ணும் விருந்து அது. சமையலுக்கு அத்தை தலைமை. கடைசிப் பந்திக்குக் கறிக்குழம்பு போதாமல் போனதும், தோணிகளுக்குக் கயிறு விற்கும் சபை மூப்பர், ஒரு பானை எங்கள் வீட்டுக்குப் போயிருக்கும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அத்தை கரண்டியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மனத்தாங்கலோடு, ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்தில் சேரக்கூடாது என்பதால், அன்றிலிருந்து அதற்கும் போகவில்லை. மாலை ஜெபத்தில் மட்டும் மூப்பரின் பெயரைத் தவறாமல் எடுத்துக் கொடுத்தாள். ஆண்டவர் மறந்துவிடக் கூடாதே.

மூப்பரிடமே போய்க் கேளுங்கள் என்று நான் இருவரையும் நச்சரித்தேன். நமக்கெதற்கு என்றார் அப்பா. இப்படியே ஒரு வருஷம் போயிற்று.

ஒருநாள், மூப்பரின் மகன் விஷக்காய்ச்சலில் நினைவில்லாமல் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு ஓடிவந்தேன்.

"அத்தை, ஆண்டவரு ஆரம்பிச்சிட்டாரு" என்றேன் சந்தோஷமாக.

சாளை மீன் அரிந்துகொண்டிருந்தவள் அப்படியே எழுந்தாள். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் மூப்பர் வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். அங்கே முற்றத்தில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"அண்ணாச்சி, உங்ககிட்ட தனியா ஒரு வார்த்தை பேசணும்" என்றாள்.

தனியாக என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வசனமல்லவா அது. அவர்கள் உள்ளே போய்த் திரும்பும்வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலில் நின்றேன்.

பையன் பிழைத்துக்கொண்டான். அடுத்த மாதம் மூப்பர் சபை நடுவே எழுந்து, விசாரியாமல் பழி சுமத்தியது தன் குற்றம் என்றார். அத்தை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திருவிருந்துக்கு நடந்தாள். அத்தனை பேரிலும் என் அத்தைதான் அழகு. அவள் தட்டிக் கேட்டு ஜெயித்தாள், கேட்க வைத்தது நான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அத்தை அதை மறுக்கவே இல்லை.

இன்றும் எனக்கு அவளை நினைத்தால் பெருமைதான். காரணம் மட்டும் மாறிவிட்டது. அந்தப் பையன் வளர்ந்து, தன் தகப்பனார் சொன்னதாக என்னிடம் சொன்னான். அன்று உள்ளே அத்தை குழம்புப் பானையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லையாம்.

"அண்ணாச்சி, ஒரு வருஷமா தினமும் உங்களுக்குக் கேடு வரணும்னு ஜெபம் பண்ணிட்டேன். பிள்ளைக்கு வந்தது என்னாலதான். என்னை மன்னிச்சிருங்க" என்றாளாம்.